செவ்வாய்க்கிழமை வருகிறேன்

நவநீதன் ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டார் போட்டான். தொட்டி நிரம்பப் பதினெட்டு நிமிடம் ஆகும். அதற்குள் பல் தேய்த்து, பால் பாக்கெட்டை வெட்டி ஊற்றி, அடுப்பைச் சிறிதாக வைத்து, முந்தின நாள் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை எடுத்து அடுக்கினான். காபியை நின்றுகொண்டே குடித்தான். மாவு நான்கு இட்லிக்கு வந்தது. இரண்டைத் தின்றான், இரண்டை டப்பாவில் போட்டான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். வாசலில் தண்ணீர் தெளித்தான். கோலம் போடத் தெரியாது. ஏழு மணிக்குக் கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினான்.

மூன்று வருடமாக இப்படித்தான். இந்தத் திங்கட்கிழமையும் இப்படித்தான் போயிருக்கும், பஸ் நிறுத்தத்தில் அந்தச் செய்தி வராமல் இருந்திருந்தால்.

‘நொய்யல்புரம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. திருமதி கார்குழலி அவர்களின் குரலுக்கான வாரிசு ஒப்புதல் வரும் வியாழன் மாலை ஐந்து மணியுடன் முடிகிறது. நிரந்தர ஒப்புதல் வழங்க இங்கே தொடவும்.’

தொடவில்லை. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான்.

அவனுக்கு வேலை ஒரு பம்ப் கம்பெனியின் சோதனைப் பிரிவில். மோட்டாரை ஓடவிட்டுக் கருவிகள் காட்டும் அளவைக் குறிப்பது. பத்து வருடப் பழக்கத்தில் கருவி சொல்வதற்கு முன்பே காது சொல்லிவிடும், எந்த பேரிங் தேய்கிறது, எது இன்னும் ஆறு மாதம் தாங்கும் என்று. அன்று காலை மூன்று மோட்டார்களின் அளவைத் தப்பாக எழுதித் திரும்ப ஓடவிட்டான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மகுடேஸ்வரி வந்தாள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர். அவன் மனைவி குழலி வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு மேலதிகாரி. குழலியின் காரியத்துக்கு வந்தவள், அதன்பிறகு இன்றுதான் எதிரில் நிற்கிறாள். கேன்டீன் பெஞ்சில் அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“சாப்டீங்களா தம்பி?”

“ஆச்சுங்க.”

“என்ன கொழம்பு?”

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அவ கேக்கறது. எங்க ஆபீஸ்ல எல்லாத்துக்கும் ஒட்டிக்கிச்சு. சாப்டேன்னு எந்தக் குழந்தையும் சொல்லிரும். என்ன கொழம்புன்னு கேட்டா, சாப்பிடாத குழந்தைக்கு ஒரு நிமிசம் ஆகும்.”

“தெரியுங்க. எங்கிட்டயும் கேப்பா.”

பக்கத்து மேசையில் யாரோ மோரை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“மெசேஜ் வந்துதுங்களா?”

“வந்துச்சு. மூணு வருசம் முன்னால கையெழுத்துப் போட்டது எதுலன்னே எனக்குத் தெரியாதுங்க. பதினாறாம் நாள் கொண்டுவந்து நீட்டுனாங்க. அன்னைக்கு எதுல போடச் சொன்னாலும் போட்டிருப்பேன்.”

“நாங்களும் அப்ப சரியா சொல்லல.” மகுடேஸ்வரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தாள். “இருபத்தாறு வருசமா பாக்கறேன் தம்பி. ஒரு மாவட்டத்துல நல்ல ஆள் ஒருத்தர் வருவாங்க. ரெண்டு வருசம் எல்லாம் மேல போகும். பள்ளிக்கூடத்தை விட்டு நிக்கற பசங்க கொறைவாங்க, ஹோம்ல இருந்து ஓடிப்போறது கொறையும். அப்பறம் அந்த ஆளுக்கு மாத்தல் வரும். ஆறே மாசத்துல பழைய கதைதான். தூக்கி விடறது கஷ்டமில்லீங்க. தூக்குனதக் கீழ விடாம புடிச்சுட்டு நிக்கறதுக்குத்தான் இதுவரைக்கும் ஆரும் வழி கண்டுபுடிக்கல.”

“அதனால அவளையே புடிச்சுக்கிட்டீங்க.”

“ஆமாங்க.” அவள் தயங்காமல் சொன்னாள். “அவ போன் பேசுனது எல்லாம் விதிப்படி பதிவாயிருந்துச்சு. நாலாயிரத்துக்கு மேல. அதை வச்சுத்தான் தொடர்குரல் செஞ்சாங்க. வெறும் குரல் மட்டும் இல்ல. எந்தக் குழந்தை எப்படிப் பதில் சொன்னா அடுத்து என்ன கேப்பான்னு அதுக்குத் தெரியும். இன்னைக்கு நானூத்திப் பன்னெண்டு குழந்தைங்ககிட்ட வாரம் ரெண்டு தடவ பேசுது. அவ இருந்தப்ப எந்த எடத்துல இருந்தோமோ, இன்னைக்கும் அங்கயே நிக்கறோம். ஒரு படி எறங்கல. வெள்ளிக்கெழம மேல இருந்து ஆய்வுக்கு வராங்க. நீங்க போட்டீங்கன்னா எல்லா மாவட்டத்துக்கும் போயிரும்.”

“நான் ஒரு தடவகூடக் கேட்டதில்ல.”

மகுடேஸ்வரி போனை எடுத்துப் பெஞ்சில் வைத்தாள். “போன வாரத்தது. ரித்திகான்னு ஒரு பொண்ணு. பதிமூணு வயசு. அம்மா இல்ல, சித்தி வீட்டுல இருக்கா.”

‘அம்மிணி, சாப்டியா?’

நவநீதனின் கை டப்பா மூடியின் மேல் நின்றது.

‘சாப்டேங்க்கா.’

‘என்ன கொழம்பு?’

ஒரு மௌனம்.

‘அவசரப்பட்டுக் கண்டுபுடிக்காத. இல்லைன்னா இல்லைன்னு சொல்லு, நான் திட்டறதில்ல.’

‘இல்லக்கா.’

‘சரி. அரிசி இருக்குதா வீட்டுல?’

இப்படியே போயிற்று. அந்தப் பெண் கொஞ்சம் கொஞ்சமாக வாயைத் திறந்தாள். கடைசியில் ஒரு தடவை சிரிக்கவும் சிரித்தாள். முடிவில் குழலியின் குரல் சொன்னது: ‘செவ்வாக்கெழம வரேன். சரியா?’

‘சரிங்க்கா.’

அவன் நினைத்துப் பயந்த மாதிரி அழுகை வரவில்லை. காதுதான் வேலை செய்தது. புது மோட்டாரைக் கேட்பதுபோல இருந்தது. தேய்மானமே இல்லை. அவன் கட்டிக்கொண்டவளின் குரல் காலையில்தான் இப்படி இருக்கும். நாள் முழுக்கக் குழந்தைகளோடு பேசிவிட்டு வீடு திரும்பும்போது அவளிடம் குரலே மிச்சம் இருக்காது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்த வீட்டில் எல்லாம் கைஜாடைதான். டம்ளர் பிடிக்கிற மாதிரி கையை வளைத்தால் காபி. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் உரசினால் குழம்பில் உப்பில்லை. அவன் அன்றைக்குச் சோதித்த மோட்டார்களைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பான். அவள் தலையை ஆட்டிக்கொண்டே தூங்கிப்போவாள். கல்யாணமான புதிதில் அவனுக்கு அது குறையாக இருந்தது. ஊருக்கெல்லாம் பேசிவிட்டு எனக்கு ஜாடையா என்று ஒருநாள் கேட்டுக்கூட இருக்கிறான். அதற்கும் அவள் கையால்தான் பதில் சொன்னாள்: இரண்டு உள்ளங்கையும் விரித்துக் காட்டினாள். இவ்வளவுதான் இருக்கிறது, எல்லாம் உனக்குத்தான் என்று அவன் அர்த்தம் பண்ணிக்கொண்டான்.

“செவ்வாக்கெழம ஆரு போறாங்க?” என்று கேட்டான்.

மகுடேஸ்வரி போனை எடுத்துப் பையில் வைத்தாள்.

“அவ எந்தப் போனையும் அப்படித்தான் முடிப்பா. அவளுக்குச் செவ்வாக்கெழமதான் வெளியே சுத்தற நாள். நாலாயிரம் பதிவுலயும் இருக்கு. இதுவும் அப்படித்தான் முடிக்குது.”

“அது சரிங்க. போறது ஆரு?”

“முன்னால பதினோரு பேர் இருந்தோம். நல்லாத்தான் நடக்குதே, எதுக்கு இத்தன பேருன்னு ஏழு எடத்தை எடுத்துட்டாங்க. நாலு பேரால எத்தன வீட்டுக்குப் போக முடியும்? போன் பேசுனாலே நேர்ல பாத்த கணக்குல சேத்துக்கலாம்னு போன வருசம் உத்தரவு வந்துருச்சு.”

“அந்த ஒரு வார்த்தைய எடுத்துர வேண்டியதுதானுங்களே.”

“எடுத்துப் பாத்தோம். ரெண்டு மாசம்.” அவள் பெஞ்சின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “பசங்க பேசறதையே நிறுத்திட்டாங்க. நல்லா இருக்கேங்க்கா, சரிங்க்கா, வச்சர்றேங்க்கா. அவ்வளவுதான். நேர்ல வருவாங்கன்னு நெனைக்கறதாலதான் உண்மையச் சொல்றாங்க. திருப்பிப் போட்டுட்டோம்.”

நவநீதன் டப்பாவைத் திறந்தான். இட்லி காய்ந்திருந்தது. மூடிவிட்டான்.

“அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போங்க மேடம்.”

“ஆபீஸ் டிரைவர் பத்து நாள் லீவு. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது.”

“எனக்குத் தெரியும்,” என்றான்.

மறுநாள் செவ்வாய். அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு அலுவலக ஜீப்பை எடுத்தான். பாட்டரி வண்டிதான், ஆனால் பழசு. திருப்பத்தில் முனகியது. ஊருக்கு வெளியே பனியன் கம்பெனிகளைத் தாண்டி, ஓடைக்கு அந்தப் பக்கம் லைன் வீடுகள். ஒரே சுவரில் பன்னிரண்டு கதவுகள். ஐந்தாவது கதவுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. நாற்காலி காலியாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் படியில் யூனிஃபார்மோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மணி இரண்டு. பள்ளிக்கூடம் விட இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

மகுடேஸ்வரி கையிலிருந்த டேப்லெட் திரையைப் பார்த்தாள். இந்த வருடம் முப்பத்தோரு மத்தியானம் அந்தப் பெண் வகுப்பில் இல்லை. முப்பத்தொன்றும் செவ்வாய். காரணம் என்ற இடத்தில் ‘வயிற்றுவலி’ என்று இருந்தது. வருகை சதவீதம் எல்லைக்கு மேலே இருந்ததால் யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

“ரித்திகாவா? நான் ஆபீஸ்ல இருந்து வரேன். உள்ள சித்தி இருக்காங்களா?”

அந்தப் பெண் எழுந்து நின்றாள். ஜீப்பின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு உள்ளே கையைக் காட்டினாள்.

சித்தியின் பெயர் பூங்கோதை. வீடு முழுக்கப் பனியன் குவியல். இடுப்பில் ஒரு குழந்தை, தரையில் ஒன்று. குட்டிக் கத்தரியால் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். தையலில் தொங்கும் நூலை நறுக்கி, மடித்து, அந்தப் பக்கம் போடுவது. நிமிரவில்லை.

“பொழுதோட வண்டி வந்துரும் மேடம். சரக்கு கொடுத்தாகணும். அவகிட்டயே பேசிக்கங்க. உங்க ஆபீஸ்ல எப்பவும் அவகிட்டத்தான பேசறீங்க. வாரம் ரெண்டு போன். எங்கிட்ட ஆராச்சும் ஒரு வார்த்த கேட்டிருப்பீங்களா?”

மகுடேஸ்வரி வாசற்படியில் நின்றாள். கையில் திரை, தோளில் பை. இரண்டையும் கதவோரம் வைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒரு பனியனை இழுத்தாள்.

“கத்தரி இன்னொண்ணு இருக்குதா?”

நவநீதன் வெளியில் வந்துவிட்டான். நாற்காலியில் உட்காரத் தோன்றவில்லை. ஜீப்பில் சாய்ந்து நின்றான். ரித்திகா படியிலேயே இருந்தாள்.

“நீங்க டிரைவருங்களா?”

“இன்னைக்கு மட்டும்.”

“குழலி அக்கா வரலீங்களா?”

அவன் ஜீப்பை விட்டு நிமிர்ந்தான். “நான் அவங்க வீட்டுக்காரர்,” என்றான்.

அந்தப் பெண் எழுந்து வந்தாள். முகமே மாறிவிட்டது. “நெசமாவா? அக்கா வீட்டுல எப்படீங்க? திட்டுவாங்களா?”

“பேசவே மாட்டா.”

“பொய்.”

“நெசந்தான். பகலெல்லாம் உங்ககூடப் பேசித் தொண்ட போயிரும். வீட்டுல கையாலதான்.” அவன் கையை வளைத்துக் காட்டினான். “இது காபி.” விரலை உரசினான். “இது உப்பு இல்ல.”

“உப்பு ஜாஸ்தின்னா?”

அவன் கன்னத்தை உப்பி, கண்ணை உருட்டிக் காட்டினான். ரித்திகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான்காவது கதவிலிருந்து ஒரு பாட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். மூன்று வருடத்தில் அவன் அந்த ஜாடைகளைச் செய்தது அதுதான் முதல் தடவை. கை மறக்கவில்லை. பல்லி என்றால் எப்படி, மாமியார் போன் என்றால் எப்படி, நாளைக்கு லீவு என்றால் எப்படி, ரித்திகா ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொன்றாகக் காட்டினான். லீவுக்குக் குழலி வானத்தைப் பார்த்துக் கும்பிடுவாள். அவனும் கைகூப்பி வானத்தைப் பார்த்தான். கையை இறக்கிவிட்டான்.

“அம்மிணி. அவ இல்ல. செத்து மூணு வருசமாச்சு. உங்கிட்டப் பேசறது மெஷின்.”

சொல்லியிருக்கக் கூடாதோ என்று அப்போதே பட்டது. அவள் ஜீப்பின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மெஷின்னு தெரியுங்க,” என்றாள்.

“ஆரு சொன்னா?”

“ஆரும் சொல்லல. ஒருநாள் கோவத்துல போனைக் கட் பண்ணாம அப்படியே வச்சுட்டு வெளையாடப் போயிட்டேன். ஒரு மணி நேரம் கழிச்சு வந்து எடுத்தா, ‘இருக்கேன், சொல்லு அம்மிணி’ங்கறாங்க. மனுசங்க ஆராச்சும் அப்படி இருப்பாங்களா? எங்க சித்தியா இருந்தா அந்தக் கோவத்துக்கு வெளையாடற எடத்துக்கே வந்து அடிச்சிருக்கும்.”

“தெரிஞ்சும் ஏன் செவ்வாக்கெழமையானா இங்க உக்காந்திருக்க?”

“மெஷின் பொய் சொல்லாதுன்னு சயின்ஸ் மிஸ் சொன்னாங்க. மெஷினால வர முடியாது, அது தெரியும். ஆனா அது வரேன்னு சொல்லுதுன்னா, எப்படியும் ஆரையாச்சும் அனுப்புவாங்க இல்லீங்களா? நான் பள்ளிக்கூடத்துல இருக்கறப்ப வந்துட்டுப் போயிட்டா?” குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “எட்டாவது பரீட்சை முடிஞ்சா என்னைய வேலைக்கு மில்லு ஹாஸ்டலுக்கு அனுப்பறாங்க. சனிக்கெழம ஏஜென்ட் வராரு. அதச் சொன்னேன். செவ்வாக்கெழம வந்து சித்திகிட்டப் பேசறேன்னாங்க. மூணு செவ்வாக்கெழம ஆச்சு.”

உள்ளேயிருந்து பூங்கோதையின் சிரிப்புச் சத்தம் கேட்டது. “ஐயோ மேடம், துணியவே வெட்டிட்டீங்களே! அதக் கொண்டாங்க இங்க!”

அவர்கள் பேசி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மகுடேஸ்வரி வெளியே வந்தபோது சேலையெல்லாம் நூல். அரசு மாணவியர் விடுதியில் ஒன்பதாவதுக்கு இடம் வாங்கித் தருவதாகவும், சனிக்கிழமை ஏஜென்ட் வரும்போது தானும் வந்து உட்கார்ந்திருப்பதாகவும் சொல்லியிருந்தாள். பூங்கோதை வாசலில் நின்று, “வருவீங்களா, இல்ல போன்லயா?” என்று கேட்டாள்.

“வருவேன்,” என்றாள் மகுடேஸ்வரி.

திரும்பும் வழியில் ஓடைப் பாலம் தாண்டியதும் மகுடேஸ்வரி பேசினாள்.

“அந்தப் புள்ள மில்லுக்குப் போற விசயம் மெஷின்ல பதிவாயிருக்கு தம்பி. ‘குழந்தை மனம் திறந்தது, முன்னேற்றம்’னு. நாங்க அந்த முன்னேற்றத்தக் கூட்டிப் போட்டு மேல அனுப்பிச்சிருக்கோம்.”

அவன் வண்டியை ஓட்டினான்.

“நீங்க போடலைன்னா வெள்ளிக்கெழம காலைல நானூத்திப் பன்னெண்டு பேருக்கும் போன் வராது.”

“தெரியுங்க.”

“அதுல ராத்திரி சோறு தின்னாங்களான்னு கேக்கறதுக்கு வேற நாதியே இல்லாத குழந்தைங்களும் இருக்கு. புள்ளிவிவரம் எறங்கும். எடுத்த ஏழு எடத்தையும் திருப்பிக் கொடுப்பாங்கன்னு எங்கிட்டச் சத்தியம் கேக்காதீங்க.”

“தெரியுங்க.”

“அப்பறம் எதை வச்சு முடிவு பண்ணுவீங்க?”

அவன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். ஒரு மழைக்காலச் செவ்வாய் நினைவுக்கு வந்திருந்தது. கல்யாணமாகி இரண்டாவது வருடம். மழை கொட்டுகிறது, போனில் சொல்லிவிடு, போகாதே என்று குழலியிடம் சொன்னான். கேட்கவில்லை. ஐந்து மணிக்கு அவளிடமிருந்து அழைப்பு. ஸ்கூட்டர் சேற்றில் மாட்டிக்கொண்டது. இவன் பஸ் பிடித்துப் போய், முழங்கால் சேற்றில் இறங்கித் தள்ளினான். எந்தக் குழந்தை, என்ன பிரச்சினை என்று கேட்டான். பிரச்சினை ஒன்றுமில்லை. ஒரு பையன் ஜன்னலில் நின்று இவளைப் பார்த்திருக்கிறான். கையை ஆட்டியிருக்கிறான். உள்ளே போய்விட்டான். அவ்வளவுதான். இதற்கா இந்த மழையில் வந்தாய் என்று கேட்டான். அவள் தலையைத் துவட்டிக்கொண்டே ஆமாம் என்று தலையாட்டினாள். அவனுக்கு எரிச்சலாக இருந்தது. வீடு வரும்வரை ஒன்றரை மணி நேரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது அந்த ஒன்றரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தால் எதை வேண்டுமானாலும் கொடுப்பான்.

“அவ வரேன்னு சொன்னா போவா,” என்றான். “அவ சொன்னத மட்டும் பத்திரமா வச்சுக்கிட்டீங்க. போனத விட்டுட்டீங்க.”

வண்டியை மறுபடி எடுத்தான்.

அவன் அந்தச் செய்தியைத் தொடவில்லை. புதனும் வியாழனும் மகுடேஸ்வரியும் மூன்று பணியாளர்களும் அலுவலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு குழந்தைக்கும் தாங்களே போன் போட்டார்கள். இனிக் குழலி அக்கா பேசமாட்டார், அவர் இறந்துவிட்டார், இதுவரை பேசியது அவர் குரலில் ஒரு கருவி. சில குழந்தைகள் அழுதன. பலர் வைத்துவிட்டார்கள். ஒரு சிறுவன், நான் சொன்னதெல்லாம் அப்ப யாருக்குத் தெரியும் என்று கத்தினான். ஒரு பெண் மட்டும், சரி, உங்க பேரென்ன என்று கேட்டாளாம். வியாழன் ஐந்து மணிக்குத் தொடர்குரல் நின்றது.

வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு வந்தவர்களிடம் மகுடேஸ்வரி முப்பத்தோரு செவ்வாய்க்கிழமைகளைக் காட்டினாள். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். நல்ல மாவட்டத்தைக் கெடுத்துவிட்டீர்களே அம்மா என்று ஒருவர் வருத்தமாகவே சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமை ஏஜென்ட் வந்தான். பூங்கோதை வீட்டில் தரையில் உட்கார்ந்து பிசிறு வெட்டும் அதிகாரியைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுத் திரும்பினான்.

அடுத்த செவ்வாய் மத்தியானம் மகுடேஸ்வரி நவநீதன் வீட்டுக்கு வந்தாள். அவன் விடுப்பில் இருந்தான். காலையிலிருந்து யாரோ வரப்போகிறார்கள் என்பதுபோலக் கூடத்தைப் பெருக்கி வைத்திருந்தான். அவள் ஒரு சின்னப் பெட்டியை மேசையில் வைத்தாள்.

“ஒப்புதல் முடிஞ்சா மூலப் பதிவு எல்லாம் வாரிசுகிட்டக் கொடுக்கணும். சட்டம். இனி எங்ககிட்ட எதுவும் இல்ல. எல்லாம் அவ பேசுனது. இதுல மெஷின் பேசுனது ஒண்ணுகூட இல்ல.”

அவன் பெட்டியைத் தொடவில்லை.

“மேடம், எல்லாரும் எங்கிட்டக் கேப்பாங்க, கடைசியா குழலி என்ன சொன்னான்னு,” என்றான். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. “சாயங்காலம் சீக்கிரம் வாங்கன்னு சொன்னான்னு சொல்லிட்டு இருக்கேன். பொய்யிங்க. அன்னைக்குக் காலைல நான் மிக்ஸி ஓட்டிட்டு இருந்தேன். அவ வாசல்ல நின்னு ஏதோ சொன்னா. நான் நிறுத்தல. ம்ம்னு மட்டும் சொன்னேன். பதினொன்றரைக்கு உங்க ஆபீஸ்லயே விழுந்துட்டா. மூளையில ரத்தக்கசிவுன்னாங்க. என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாது.”

மகுடேஸ்வரி அவனைப் பார்த்தாள்.

“நாலாயிரத்துச் சொச்சம் பதிவுல ஒண்ண மட்டும் மெஷின் பயிற்சியில சேக்கலைன்னு குறிப்பு இருந்துச்சு. பேச்சு பாதியில நின்னிருக்கு, முடிவு சரியில்லைன்னு ஒதுக்கிட்டாங்க. தேதியப் பாத்தேன். அன்னைக்குத்தான். பதினொண்ணு இருபத்தெட்டு. நேத்து ராத்திரி கேட்டேன் தம்பி. இன்னைக்குக் காலைல எந்திரிச்சு, அவ அதுல பேசுன பொண்ணு வீட்டுக்குப் போனேன். மூணு வருசம் லேட்டு. அந்தப் பொண்ணுக்கு இப்ப பதினேழு வயசு. கதவத் தட்டி என் பேரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையவே பாத்தா. ‘நீங்கதானா மேடம் அது’ன்னா. வேற ஒண்ணும் கேக்கல. நகந்து வழி விட்டா.”

அவள் பெட்டியைத் திறந்து ஒன்றை அழுத்திவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

முதலில் மூச்சு கேட்டது. நவநீதனுக்கு உடனே தெரிந்தது. கரகரப்பு, இடையில் ஒரு செருமல், தண்ணீர் குடிக்கிற சத்தம். தேய்ந்த குரல். அவன் வீட்டுக்குச் சாயங்காலம் வரும் குரல் அது.

“அம்மிணி, இந்த வாரம் என்னால வர முடியாதாட்டம் இருக்கு, தலை ரொம்ப வலிக்குது. மகுடேஸ்வரின்னு ஒரு மேடம் வருவாங்க. கதவத் தொறந்து விடு.”